ரயில் தூசி

எங்க அப்பா தாம்பரத்தில் ஒருவரிடம் டிரைவராக இருக்கிறார். அந்த வெள்ளைக் கார் எங்கள் தெருவில், ரயில் பாதை ஓரமாகத்தான் நிற்கும். 1931-லிருந்து மின்சார ரயில் ஓடுகிற பாதை அது. போன மாதம் கதவெல்லாம் ஆரஞ்சுப் புள்ளிகள்! முதலாளி, "துருப்பிடிக்க விட்டுட்டியே, பெயிண்ட் செலவ உன் சம்பளத்துல பிடிச்சுக்குவேன்" என்று சொல்லிவிட்டார். அன்று இரவு அம்மா யாரோடும் பேசவில்லை.

மறுநாள் அப்பா காரைக் கழுவினார். ஒரு மெல்லிய பாலிதீன் கவரை (2019-லேயே தடை, வீட்டில் பழசு ஒன்று கிடந்தது) என் கையில் மாட்டி, "தடவிப் பாரு பாப்பா" என்றார். வெறும் கைக்கு வழவழப்பாக இருந்த இடம் கவர் வழியாகச் சொரசொரவென்று இருந்தது. அது காரின் துரு இல்லையாம். ரயில் சக்கரம், பிரேக், தண்டவாளம் உரசிப் பறக்கும் இரும்புத்தூள். பெயிண்டில் ஒட்டி, ஈரம் பட்டதும் அந்தத் தூள்தான் துருப்பிடிக்கிறது.

சோப்புக்கு அது போகாது. கடையில் விற்கும் கிளே பார் என்ற களிமண் கட்டியால், சோப்புத் தண்ணீர் ஊற்றி ஊற்றி மெதுவாகத் தேய்த்தோம். காய்ந்தபடி தேய்த்தால் கீறல்தான். கை வலித்தது. ஆனால் கவர் வழுக்கியது!

களிமண் பழைய வேக்ஸையும் எடுத்துவிடும், அதனால் புதுசு போட்டோம். தண்ணீர் தெளித்தால் தாமரை இலையில் மாதிரி முத்து முத்தாக உருளணும். பரவி நின்றால் வேக்ஸ் போயிடுச்சு என்று அர்த்தம்.

முதலாளியும் கவரை மாட்டித் தடவிப் பார்த்தார். சம்பளத்தைப் பிடிக்கவில்லை. வண்டி நிறுத்த வேறு இடம்தான் இன்னும் கிடைக்கவில்லை.