ரேஷன் லாரி எங்கே?

போர்த் தொடர் பைத்தியங்கள் நாங்கள் ஏழெட்டுப் பேர். அருப்புக்கோட்டையில் ஒரு டீக்கடை பெஞ்சில் ஆரம்பித்த பழக்கம் இது. இப்போது ஆளுக்கொரு ஊரில் இருந்தாலும், புதிதாக எதையாவது பார்த்தால் ராத்திரியோடு ராத்திரியாகப் போன் வந்துவிடும். அந்தக் கூட்டத்தில் எனக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. யார் என்ன கேட்டாலும் ‘ஜெனரேஷன் கில்’ பார் என்பேன். பார்த்தவன் நாலாம் நாள் கூப்பிட்டு, “என்னண்ணே, மொதப் பாகம் பூரா மீசையைச் செரைன்னு திட்டிக்கிட்டே இருக்காங்க, சண்டையே வரலையே” என்பான்.

வராதுதான். 2003 மார்ச்சில் அமெரிக்கப் படை இராக்குக்குள் நுழைந்தபோது முன்னால் போன ஒரு மரைன் உளவுப் படையோடு, இவான் ரைட் என்ற பத்திரிகைக்காரர் வண்டிக்குள் ஒண்டிக்கொண்டு போனார். ரோலிங் ஸ்டோன் இதழில் எழுதினார். 2004-ல் அது புத்தகமானது. ‘தி வயர்’ எடுத்த டேவிட் சைமனும் எட் பர்ன்ஸும் அதை 2008-ல் எச்.பி.ஓ.வுக்காக ஏழு பாகங்களாக்கினார்கள். குவைத் பாலைவனத்துக் கூடாரத்தில், உத்தரவு வருமா வராதா என்று காத்துக் கிடப்பதில்தான் கதை தொடங்குகிறது. எல்லாருக்கும் ஒரே உடுப்பு, ஒரே தலைக்கவசம். யார் கோல்பெர்ட், யார் ஃபிக் என்று பிரித்துப் பார்க்கவே இரண்டு பாகம் ஆகிவிடும். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் நான் எல்லாரிடமும் கேட்பது. ஹெட்செட் போட்டுப் பாருங்கள் என்றும் சொல்வேன். வண்டி ஓட்டும் ரே பெர்சன் வாயைத் திறந்தால் மூட மாட்டான். அவன் பேசுவது வீட்டு ஹாலில் ஓடவிடும் பேச்சில்லை.

‘பேண்ட் ஆஃப் பிரதர்ஸ்’ அளவுக்கு வராது என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்வார். 2001-ல் வந்த அந்தப் பத்துப் பாகங்களையும் நான் மூன்று முறை பார்த்தவன், மூன்று முறையும் அழுதவன். ஆனால் அங்கே எந்த இடத்தில் அழவேண்டும் என்பதை வயலின் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. ஜெனரேஷன் கில்லில் பின்னணி இசை கிடையாது. ரேடியோவின் கரகரப்பும், எஞ்சின் சத்தமும், பையன்கள் தாங்களாகப் பாடுகிற பாட்டும்தான். ஒரே ஒரு இடத்தில் மட்டும் வெளியிலிருந்து ஒரு பாட்டு வரும். அது எங்கே என்று சொன்னால் பார்க்கப்போகிறவர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள்.

இந்தத் தொடரை எப்படிப் பார்ப்பது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் பெரியப்பா. குமாரலிங்கபுரத்தில் அவர் பெயரைச் சொல்லிக் கேட்டால் யோசிப்பார்கள். மிலிட்டரி வீடு என்றால் கை காட்டுவார்கள். ஆர்மி சர்வீஸ் கோரில் லாரி ஓட்டியவர். அரிசி, பருப்பு, டீசல், குண்டு, எதுவென்றாலும் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேலை. 1989-ல் தூர்தர்ஷனில் ‘ஃபௌஜி’ ஓடியபோது எனக்குப் பத்து வயது. கர்னல் ராஜ் கபூர் எடுத்த தொடர். ஷாருக் கான் என்றொரு துறுதுறுப்பான பையன் கமாண்டோ பயிற்சியில் குதிப்பான், ஓடுவான். இந்தி ஒரு எழுத்துத் தெரியாமல் வாய் பிளந்து பார்த்தோம். லீவில் வந்திருந்த பெரியப்பா மட்டும், “எல்லாஞ் சரிதான், ரேஷன் லாரி எங்கடா?” என்றார். அதற்கு முந்தைய வருஷம் சேத்தன் ஆனந்தின் ‘பரம் வீர் சக்ரா’ தொடரில் அப்துல் ஹமீது ஜீப் பீரங்கியால் பாகிஸ்தான் டாங்கிகளை அடித்ததைப் பார்த்தபோதும் அதே கதைதான். ஊரே கைதட்டியது. அவர், “அந்தக் குண்டை யாரு கொண்டாந்து எறக்குனா?” என்றார்.

போன சித்திரையில் அவருடைய டிரங்குப் பெட்டிமேல் லேப்டாப்பை வைத்து ஜெனரேஷன் கில் போட்டேன். கறுப்புப் பெட்டி, வெள்ளைப் பெயிண்டில் நம்பர், மூடியின் ஒரு மூலை நெளிந்திருக்கும். நான் வசனத்தைச் சொல்லச் சொல்ல அவர் வெற்றிலையை மென்றுகொண்டு பாதித் தூக்கத்தில் பார்த்தார். உலகத்திலேயே பணக்கார ராணுவம்; அதன் இரவுக் கண்ணாடிக்கு பேட்டரி இல்லை. குண்டு எறியும் துப்பாக்கிக்குச் சரியான எண்ணெய் இல்லை. மணல் ஏறிச் சிக்கிக்கொள்கிறது. சாப்பாடு ஏற்றிய லாரியை வழியிலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். மறுநாளிலிருந்து ஆளுக்கு ஒருவேளைச் சோறு. பெரியப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டார்.

“லாரியை விட்டுட்டு வந்தவன் யாரு? அவனைக் காட்டு” என்றார்.

அதன்பிறகு அவர் தூங்கவில்லை. மேலதிகாரி வரைபடத்தைத் தப்பாகப் படிக்கும்போதெல்லாம் எனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும்.

மூன்றாம் பாகத்தில் ஒரு விமானதளத்தைப் பிடிக்கப் போகிறார்கள். எதிரே தெரிகிற யாராக இருந்தாலும் எதிரிதான் என்று உத்தரவு. ஒட்டகம் மேய்த்த இரண்டு பையன்கள்மேல் குண்டு பாய்கிறது. கொஞ்ச நேரத்தில் பெண்கள் அவர்களை இழுத்துக்கொண்டு வருகிறார்கள். மேலிடம் கைவிரிக்க, குண்டடிபட்ட பையனைத் தூக்கிக்கொண்டு கமாண்டர் முகாமுக்கே போய் வைத்துவிடுகிறார்கள் அந்த மரைன்கள். அப்போது வெளியே கருவேலங்காட்டு வண்டிப்பாதையில் ஆடு திரும்புகிற நேரம். கடைசியில் வந்த பையன் தொரட்டியைத் தோளில் சாய்த்திருந்தான். நெத்து உலுக்குகிற கம்பு. புழுதிக்குள் தூரத்திலிருந்து பார்த்தால் துப்பாக்கி மாதிரிதான். பெரியப்பா லேப்டாப்பை விட்டுவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தத் தொடரிலும் எனக்கு ஒரு குறை உண்டு. இராக்கியர்களை வண்டி ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறோம். அவர்கள் பெயர்கூட நமக்கு வந்து சேராது. ஒட்டிப் போன பத்திரிகைக்காரன் கண் அவ்வளவுதான் பார்க்கும் என்பார்கள். இருக்கலாம். நம் பக்கத்தில் இப்படி ஒரு தொடர் எடுத்தால் அந்தச் சமாதானம் செல்லாது. 1987 ஜூலை ஒப்பந்தத்தோடு இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படை 1990 மார்ச்சில்தான் முழுதாகத் திரும்பியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் அங்கே செத்தார்கள். 1987 தீபாவளியன்று, அக்டோபர் 21-ம் தேதி, யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் அதே படை சுட்டுச் செத்த நோயாளிகளையும் டாக்டர்களையும் விட்டுவிட்டு அந்தக் கதையை எடுக்க முடியாது. வண்டிக்கு வெளியே நிற்பவர்கள் பேசுவது இங்கே புரியாத பாஷையும் இல்லை.

பெரியப்பா அங்கே ஒன்றரை வருஷம் இருந்தார். அதைப்பற்றி வீட்டில் யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அன்றைக்கு ஆடெல்லாம் போய்ப் புழுதி அடங்கியபிறகு, தானாகச் சொன்னார்.

“வவுனியா ரோட்டுல டயர் மாத்திக்கிட்டு இருந்தேன். ஒரு அம்மா வந்து, தம்பி நீங்க தமிழோன்னு கேட்டுச்சு.”

“என்ன சொன்னீங்க?”

“இந்தியில பதில் சொன்னேன்.”

எழுந்துபோய் வாய் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அடுத்த பாகத்தைப் போடச் சொன்னார்.