வேகமும் அளவும்

தில்லியில் தங்கிப் படிக்கும் மாணவனுக்கு உதவித்தொகையே செல்வம். இரவெல்லாம் ஆய்வுக் கணக்குகளைச் செய்ய எனக்கொரு கணினி தேவைப்பட்டது. ‘ரைசன் 5 5600’ பிராசசரை வாங்கினேன். அதன் வேகத்தைச் சற்றே கூட்டவும் விரும்பினேன். அதற்கேற்ற மதர்போர்டு எது?

நேரு பிளேஸ் கடைகளில் ஏ520 சிப்செட் போர்டுதான் மலிவு. ஆனால் பிராசசரின் வேகத்தைக் கூட்டும் உரிமையை அந்தச் சிப்செட்டுக்கு ஏ.எம்.டி. வழங்கவில்லை. 2020-இல் வெளிவந்த பி550 அதற்கு இடந்தருகிறது. எக்ஸ்570 என் கைக்கு எட்டாதது.

பெயரை மட்டும் கண்டு மயங்கலாகாது, அன்பர்களே! பிராசசருக்கு மின்சாரத்தைச் சீராக்கி அளிக்கும் பகுதியின்மேல் வெப்பம் போக்கும் உலோகத் தகடு உண்டா என்று பார்த்தல் வேண்டும். மின்னழுத்தத்தை 10 விழுக்காடு கூட்டினால், அதே வேகத்திலும் மின்செலவு ஏறத்தாழ 21 விழுக்காடு உயரும். அத்தனையும் வெப்பமே. தில்லிக் கோடையோ 40 பாகையைத் தாண்டுவது!

தகடுள்ள எளிய பி550 ஒன்றைத் தேர்ந்தேன். வண்ண விளக்குகளுக்குக் காசு கொடுக்கவில்லை. மின்னழுத்தத்தை உயர்த்தாமல் கிடைத்த வேகமே போதும் என நிறுத்திக்கொண்டேன். மிஞ்சிய பணம் அம்மாத விடுதிச் சாப்பாட்டுக்கு உதவிற்று. ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் அல்லவா?