ஸூஜோவில் ஐவண்ணக் கயிறு

ஸூஜோ நகரத்திற்குப் போகிறவர்கள் கால்வாய்களையும், கல் பாலங்களையும், பழைய தோட்டங்களையும் பார்க்கப் போகிறார்கள். நான் அங்கே முதன் முதலில் பார்த்தது முப்பது ஜோடிச் சின்னஞ்சிறு செருப்புகளை. ஷாங்காய்க்கு மேற்கே சுமார் நூறு கிலோமீட்டர் தூரத்தில் உள்ள அந்நகரில், 2010-ஆம் வருஷம், குழந்தைப் பள்ளி ஒன்றில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கும் வேலை எனக்குக் கிடைத்திருந்தது. என் வகுப்பில் எல்லோருக்கும் நான்கு அல்லது ஐந்து வயது.

சீனாவில் மூன்று வயது முதல் ஆறு வயது வரையில் குழந்தைகள் இத்தகைய பள்ளியில் இருக்கிறார்கள். காலையில் வாசலிலேயே ஒரு நர்ஸ் ஒவ்வொரு குழந்தையின் நெற்றியையும் தொண்டையையும் உள்ளங்கையையும் பார்த்து உள்ளே அனுப்புவாள். மத்தியானச் சாப்பாடு ஆனதும் வரிசையாகப் போட்ட சிறு கட்டில்களில் எல்லோரும் தூங்கியாக வேண்டும். கொளுத்தும் கோடையிலும் குடிப்பதற்கு வெந்நீர்தான்!

உபாத்தியாயரை அங்கே ‘லாவ்ஷி’ என்று அழைக்கிறார்கள். என் பெயரைக் குழந்தைகளின் நாவில் ஏற்ற இரண்டு நாள் முயன்றுவிட்டு, நானும் வெறும் லாவ்ஷியாக இருந்துவிடச் சம்மதித்தேன். தகப்பனாரைப் பெற்ற பாட்டிக்கு அந்நாட்டுப் பொது மொழியில் ‘நாய்நாய்’ என்று பெயர். மாலையில் வகுப்பு முழுவதும் அவ்வாறு கூவிக்கொண்டு வாசலுக்கு ஓடும்போது, தமிழ்க் காது படைத்த ஒருத்தி சிரிக்காமல் நிற்பது எவ்வளவு சிரமம் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஒரு பையன் மட்டும் ‘ஹாவ்போ’ என்று கூவுவான். அது ஸூஜோ ஊர்ப் பேச்சில் பாட்டியைக் குறிக்கும் சொல். அவனுடைய தாய் தந்தையர் ஷாங்காயில் உத்தியோகம் பார்த்தார்கள்; ஞாயிற்றுக்கிழமைதான் வருவார்கள். பாட்டிதான் அவனை வளர்த்தாள். அவளுக்கு ஊர்ப் பேச்சைத் தவிர வேறொன்றும் சரளமாக வராது. பேரனுக்கு அது புரியும். ஆனால் பதில் சொல்வது பள்ளியில் கற்ற பொது மொழியில். பாட்டியின் பேச்சே நாவில் தங்காத குழந்தைக்கு மூன்றாவதாக ஒரு பாஷையைப் புகட்ட நான் கடல் கடந்து வந்திருந்தேன்! இந்த எண்ணம் அவ்வப்போது என்னை உறுத்தியது உண்டு.

ஜூன் மாதம் பிறந்ததும் பள்ளிச் சுவர்களில் காகிதப் படகுகள் முளைத்தன. சீனப் பஞ்சாங்கப்படி ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் ‘டுவான்வூ’ பண்டிகை. 2008 முதல்தான் அதற்குச் சர்க்கார் விடுமுறை. 2009-இல் யுனெஸ்கோ ஸ்தாபனம் அதை மானிட குலத்தின் பாரம்பரியச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. வகுப்பின் தலைமை ஆசிரியை குழந்தைகளுக்கு ச்சூ யுவான் கதையைச் சொன்னாள். அரசனால் நாடு கடத்தப்பட்ட கவி அவர். தம் நாட்டின் தலைநகரம் பகைவர் வசமான செய்தி கேட்டு, கி.மு. 278-இல் மீலுவோ நதியில் குதித்து உயிர் நீத்தார். அவருடைய உடலை மீன்கள் தின்னாதிருக்க ஜனங்கள் படகேறிச் சென்று சோற்றை நதியில் எறிந்தார்களாம்.

“அவர் இல்லை!” என்று எழுந்தான் நம் பையன். “வூ ஸிஷூ என்று ஹாவ்போ சொன்னாள்.”

தலைமை ஆசிரியை சிரித்துவிட்டு, ஸூஜோக்காரர்களின் வழக்கத்தை எனக்கு விளக்கினாள். கி.மு. 514-இல் அந்நகரத்தை நிர்மாணித்தவர் என்று ஜனங்கள் போற்றும் மந்திரி வூ ஸிஷூ. “அண்டை ராஜ்யத்தை நம்பாதீர்” என்று இளைய அரசனை இடித்துரைத்தார். அரசன் ஒரு வாளை அனுப்பினான். அதன்மேல் வீழ்ந்து இறக்கும்படி கட்டளை. “பகைவர் நுழைவதைக் காண என் கண்களைக் கோட்டை வாசலில் தொங்க விடுங்கள்” என்று சொல்லிவிட்டு மாண்டாராம். அவர் உடலைத் தோல் பையில் கட்டி நதியில் எறிந்தார்கள். பதினொரு வருஷத்தில், கி.மு. 473-இல், பகைவர் நுழைந்தே விட்டார்கள். நகரின் மேற்கு மதிலில் அவர் பெயரைச் சொல்லும் ‘ஷூ வாசல்’ இன்றும் நிற்கிறது. தேசமெல்லாம் கவிக்காகக் கொண்டாடும் நாளை இவ்வூர் தன் மந்திரிக்காகக் கொண்டாடுகிறது.

ஜூன் 16-ஆம் தேதி பண்டிகை. சக ஆசிரியை ஒருத்தி என்னைத் தன் வீட்டுக்கு அழைத்திருந்தாள். வாசல் நிலையில் இரண்டு தழைகளைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். ஒன்று மாசிபத்திரி இனம். மற்றொன்றின் வாள் போன்ற இலையைக் கசக்கி முகர்ந்ததும் திடுக்கிட்டேன். வசம்பு! நம் பாட்டிமார் ‘பிள்ளை வளர்ப்பான்’ என்று போற்றும் அதே வசம்பு! ஐந்தாம் மாதத்தில் நோயும் விஷ ஜந்துக்களும் பெருகும் என்பதால் இந்தக் காப்பு என்றார்கள். உள்ளே கிழவிகள் ஊறவைத்த பசையரிசியை மூங்கில் இலையில் மடித்து, நூலால் கட்டி, ‘ஸோங்ஸி’ செய்துகொண்டிருந்தார்கள். தெற்கத்திச் சீமையில் கார்த்திகைக்குச் செய்யும் ஓலைக் கொழுக்கட்டையின் உடன்பிறப்பு என்றே சொல்லலாம். பன்றி இறைச்சி வைத்தது அவர்களுக்கு. செம்பயறு வைத்தது எனக்கு. நான் மடித்தவை நான்கும் கொதிநீரில் அவிழ்ந்து கஞ்சியாயின. படகுப் போட்டியையும் பார்த்தேன். கூட்டத்தின் முதுகுகளைத்தான் அதிகம் பார்த்தேன்.

மறுநாள் பள்ளியில் வர்ணம் தீட்டும் வகுப்பு. பல குழந்தைகளின் மணிக்கட்டில் ஐந்து வர்ண நூல்களை முறுக்கிய கயிறு. கடைத்தெருவில் விற்றதைப் பார்த்திருந்தேன். விளையாட்டு அலங்காரம் என்று நினைத்தேன். நம் பையனின் கயிறு நீல வர்ணத்தில் தோய்ந்து, கையெல்லாம் நீலம். முடிச்சு அவிழவில்லை. கத்தரிக்கோலை எடுத்து வெட்டினேன்.

அவன் அழவில்லை. வாய் திறந்தபடி என்னைப் பார்த்தான். பிறகுதான் அழுதான், அன்று அவன் தூங்கவும் இல்லை.

உதவி ஆசிரியை விஷயத்தைச் சொன்னபோது எனக்குத் தலை நிமிரவில்லை. பண்டிகைக் காலையில் பாட்டி கட்டும் காப்பு அது. பாம்பு, தேள், பூரான், தேரை, பல்லி ஆகிய ஐந்து விஷங்களும் அணுகாமல் காக்குமாம். பண்டிகைக்குப் பின் முதல் மழை பெய்யும்போது கழற்றி ஓடும் நீரில் விட வேண்டும். அதற்கு முன் அறுக்கலாகாது. இவன் மாரிக்காலத்தில் மார்ச்சளியால் மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்த குழந்தை. எனக்கும் சிறு வயதில் மணிக்கட்டில் வசம்பு கோத்துக் கட்டியிருந்தார்கள். வீட்டு வாசலில் வசம்பைக் கண்டுகொண்ட எனக்கு, குழந்தையின் கையில் இருந்த கயிற்றைத் தெரியாமல் போயிற்று.

மாலையில் பாட்டி வந்தாள். அறுந்த கயிற்றை இரு கைகளாலும் நீட்டினேன். மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரிந்த சீனச் சொற்கள் அவளுடைய பேச்சில் செல்லாது. கயிற்றைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் பேரனை அழைத்துப் போய்விட்டாள்.

மறுநாள் பையனின் கையில் புதுக் கயிறு இருந்தது. பாட்டி என்னை வாசலில் நிறுத்தி, என் இடக்கையைப் பற்றி, அதிலும் ஒன்றைக் கட்டினாள். ஏதோ சொன்னாள். பையன் மொழிபெயர்த்தான்: “லாவ்ஷியின் ஹாவ்போ தூரத்தில் இருக்கிறாளாம்.”

சில நாளில் அந்தப் பிரதேசத்தின் ‘பிளம்பழ மழை’ தொடங்கியது, வாரக்கணக்கில் பெய்வது. மாலையில் பாட்டியும் பேரனும் குடையுடன் எனக்காகக் காத்திருந்தார்கள். மூவரும் பக்கத்துக் கால்வாய்ப் பாலத்திற்குப் போனோம். அவனுடைய கயிறு முதலில் நீரில் போயிற்று. என்னுடையதை ஒற்றைக் கையால் அவிழ்க்க முடியாமல் திண்டாடினேன். பையன் என் பையைத் துழாவி, வகுப்புக் கத்தரிக்கோலை எடுத்து நீட்டினான்.

“லாவ்ஷி, இப்போது வெட்டலாம்.”