மலைக்கு ஏற்ற உடுப்பு

"அத்தை, சனி ஞாயிறு ரெண்டு நாளும் உங்க கார் வேணும். காரோட நீங்களும் வரணும்!" என்று என் தம்பி மகள் வந்து நின்றபோது, ஏதோ கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கத்தான் அழைக்கிறாள் என்று நினைத்தேன்.

விஷயம் வேறு. அவளும் அவளுடன் காலேஜில் படிக்கும் ஐந்து பேரும் ஒரு ஹிப்ஹாப் பாட்டுக் கட்டியிருக்கிறார்களாம். அதைப் படம் பிடிக்க இடமும் உடுப்பும் பார்க்க வேண்டுமாம். பெரியவர்கள் யாராவது துணைக்கு வந்தால்தான் பெண்களை அனுப்புவோம் என்று மூன்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்களாம்!

ஹிப்ஹாப் என்றால் தாளத்தின் மேல் பேச்சை ஏற்றி, மூச்சு விடாமல் சொல்லும் பாட்டு. 1973-ல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஒரு விருந்தில் பிறந்தது என்கிறார்கள். மலேசியாவின் யோகி பி குழுவினர் 2006-ல் 'வல்லவன்' ஆல்பத்தில் அதைத் தமிழில் முழங்கினார்கள். சொந்தப் பேட்டையின் பெயரைச் சொல்லி மார்தட்டுவது இதன் சுபாவமாம். மதுரைக்காரர்களுக்கு இதை யாரும் கற்றுத்தரவும் வேண்டுமா?

சனிக்கிழமை காலை திருமலை நாயக்கர் மகாலுக்குப் போனோம். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் தூண்கள். 'பம்பாய்' படப் பாட்டில் பார்த்த அதே தூண்கள்தான். படம் எடுக்க அனுமதி வாங்க வேண்டும்; பணமும் கட்ட வேண்டும். பிள்ளைகள் பர்ஸைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். அதுவரை வாய் திறக்காமல் இருந்த ஒரு பையன் சொன்னான்: "பாட்டு எங்க மலையைப் பத்தி. தூணுக்கு இதிலே என்ன வேலை?" பாட்டை எழுதியவன் அவன்தான். மேலூர்ப் பக்கத்துப் பிள்ளை.

அடுத்து உடுப்பு. தொளதொளவென்று தலைமூடி வைத்த அமெரிக்கச் சட்டைகளைத் தருவிப்பதாக யோசனை. பங்குனி வெயிலில்! நான் அவர்களைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு அழைத்துப் போனேன். புது மண்டபத்துக் கல்தூண்களுக்கு நடுவே தலைமுறை தலைமுறையாக மெஷின் ஓட்டிய தையற்காரர்கள் இப்போது இங்கேதான் இருக்கிறார்கள். சித்திரைத் திருவிழா நெருங்கிவிட்டதால், அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சும் பக்தர்களுக்கான உடுப்புகள் கடை முழுக்கத் தொங்கின. சிவப்பும் பச்சையுமாக வெல்வெட், கண்ணாடிச் சில்லு, ஜிகினா, தொளதொளத்த சல்லடம், தலைக்கு உருமால். "இதைவிட ஹிப்ஹாப் உடுப்பு உலகத்திலேயே கிடையாது!" என்று பிள்ளைகள் துள்ளினார்கள்.

தையற்காரர் பெரியவர் சிரிக்கவில்லை. "அது நேர்த்திக்கடன் உடுப்பு, தம்பி. விரதம் இருந்து போடுறது. ஆட்டத்துக்குத் தர மனசு வரலை" என்றார். பிள்ளைகளின் முகம் விழுந்துவிட்டது. எனக்கோ அவர் சொன்னதுதான் நியாயமாகப் பட்டது. சற்றுப் பொறுத்து அவரே ஒரு வழி சொன்னார்: சல்லடத்தின் வெட்டு மட்டும் இருக்கட்டும், துணி சாதாரணக் காடாவாக இருக்கட்டும், தலைக்குச் சுங்குடித் துணி கட்டிக்கொள்ளுங்கள் என்று. ஆறு பேருக்கும் அளவு கொடுத்துவிட்டு வந்தோம்.

ஞாயிறு விடிவதற்குள் அரிட்டாபட்டி. மதுரையிலிருந்து சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். ஏழு குன்றுகள், எழுபதுக்கும் மேற்பட்ட ஏரி குளங்கள், பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோயில், இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய தமிழி எழுத்து பொறித்த சமணர் குகை. 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக இதை அறிவித்தார்கள். 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்கம் வருகிறது என்ற செய்தி வந்தது. 2025 ஜனவரியில் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை வரை ஜனங்கள் திரண்டு நடந்தார்கள். அதே மாதம் ஏலம் ரத்தாயிற்று.

இதெல்லாம் பத்திரிகையில் படித்ததுதான். ஆனால், எங்கள் பிள்ளைகள் மூன்று கால் ஸ்டாண்டை நிறுத்திப் பாறையைப் பார்த்து விரலை நீட்டியதும் என்ன நடந்தது தெரியுமா? மாடு ஓட்டி வந்த ஓர் அம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். "எந்த ஆபீஸு? அளக்க வந்தீகளா?" என்றாள். குரலில் இருந்த கடுமை எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கூட நாலைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள்.

மேலூர்ப் பையன் முன்னால் போய், தான் இன்னார் பேரன் என்று சொன்னான். பிறகு தொடையில் தாளம் தட்டிக்கொண்டு பாட்டைச் சொல்ல ஆரம்பித்தான். முதலில் குரல் நடுங்கிற்று, பிறகு நிமிர்ந்துகொண்டது. கடைசியில் அந்த அம்மாள், "எங்கூர்ப் பேரை ஒரு தடவைதானே சொன்னே? இன்னொருக்காச் சொல்லு" என்றாள். பையன் அங்கேயே ஒரு வரியை மாற்றினான்.

பறக்கும் காமிராவைப் பையிலிருந்து எடுத்தபோது மட்டும் அவள் கையை ஆட்டித் தடுத்துவிட்டாள். பாறை இடுக்கில் வல்லூறு குஞ்சு பொரித்திருக்கிறதாம். காமிரா திரும்பப் பைக்குள் போயிற்று. குளத்துக் கரை, ஆலமரத்தடி, அவள் வீட்டுத் திண்ணை - மூன்று இடம் போதும் என்று முடிவாயிற்று. திண்ணையைத் தன் கையால் மெழுகி வைப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

புதன்கிழமை உடுப்பு தயாராகிவிடும். என் தம்பி மகள் சுங்குடித் துணியைத் தலையில் கட்டிப் பார்க்கிறேன் என்று என் புடவை ஒன்றை எடுத்துப் போனாள். அது இன்னும் திரும்பி வரவில்லை.