என் பெயர் இது, என் குறிக்கோள் இது



பட்டணத்துப் பெண்கள் இடைநிலைப்பள்ளியில் படிக்கும் உங்கள் மகள் ஒரு நாள் மாலை, புத்தகப் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டுவாள். கடிதம் தேசிய மொழியில் இருக்கும். அடியில் பெற்றோர் கையெழுத்துக்கென்று ஒரு கோடு போட்டிருக்கும். பணம் கட்டச் சொல்கிறார்களோ, பிள்ளை ஏதும் தப்புச் செய்துவிட்டதோ என்று உங்கள் வயிற்றில் புளியைக் கரைக்கும். இரண்டும் அல்ல. உங்கள் மகளை மாணவர் தலைவியாகப் போட விரும்புகிறோம், சம்மதமா என்று பள்ளி கேட்டிருக்கும்.

மாணவர் தலைவி என்றதும் ஏதோ பெரிய உத்தியோகம் என்று மலைக்க வேண்டாம். அந்த நாளில் தோட்டப்பள்ளியில் சட்டாம்பிள்ளை என்று ஒருவனை வைத்திருந்தார்களே, அந்த வேலையின் வளர்ச்சிதான் இது. (ஒருவன் என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். சட்டாம்பிள்ளை பெரும்பாலும் பையனாகவே இருப்பான்.) காலையில் பள்ளி வாசலில் நிற்பது, சபைகூடலில் வரிசை பார்ப்பது, ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலைக் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது, ஆசிரியர் வராத வகுப்பை அமைதியாக வைத்திருப்பது ஆகியவை அவள் கடமைகள்.

அந்தக் கடிதம் கையெழுத்தாகாமல் திரும்பிப் போவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியைக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். படித்துச் சொல்லச் சொல்லி என்னிடம்தானே கொண்டு வருகிறீர்கள்! படித்துச் சொன்னதும் கிடைக்கும் பதில் ஏறக்குறைய ஒன்றுதான். "அதெல்லாம் நமக்கு எதுக்கு டீச்சர்? பொம்பளப் பிள்ளை, போனோமா, படிச்சோமா, வந்தோமான்னு இருக்கட்டும்."

இந்தப் பதிலை நான் இளப்பமாக நினைப்பவள் அல்லள். மாலையில் கூட்டம் வைப்பார்கள், வேன் போய்விடும். வயதுக்கு வந்த பெண் இருட்டிய பிறகு வீடு திரும்பினால் லயத்து வாய்கள் சும்மா இரா. அம்மா உரம் போட்டுவிட்டு வருமுன் உலை வைக்க ஆள் வேண்டும், தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். போதாததற்குக் கோட்டு வாங்கு, டை வாங்கு என்பார்கள். இவையெல்லாம் உண்மையான கஷ்டங்கள். இவற்றை அறியாமல் மேடையேறி, பெண்ணினமே விழித்தெழு என்று முழங்குகிறவர்கள் ஒரு வாரம் நம் தோட்டத்தில் தங்கிப் பார்க்கட்டும்.

ஆனாலும் அந்தக் கோட்டில் கையெழுத்துப் போடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். ஏன் என்பதைச் சொல்ல, 2018ஆம் ஆண்டு டிசம்பர் விடுமுறையில் நடந்ததை எழுத வேண்டும்.

அடுத்த ஆண்டு இடைநிலைப்பள்ளியில் சேரவிருந்த பிள்ளைகளுக்கு அன்று பதிவு நாள். எங்கள் பள்ளியிலிருந்து ஆறு பெண் பிள்ளைகள். பாரங்களை நிரப்பத் துணைக்கு வரும்படி தாய்மார்கள் கேட்டதால் நானும் வேனில் ஏறிக்கொண்டேன். ஆறு பேரில் இருவர் தேசிய மொழியில் போதிய தேர்ச்சி பெறாததால் புதுமுக வகுப்புக்குப் போக வேண்டியவர்கள். அந்த இருவரின் தாய்மார்களும் வழி நெடுகப் பேசவே இல்லை. அவர்களில் ஒருவர் மகளைச் சேர்க்கும் எண்ணத்தோடு வரவில்லை என்பது எனக்குத் தெரியும். "சும்மா பார்த்திட்டு வரலாம்னு வர்றேன் டீச்சர்" என்றுதான் ஏறினார். 2003ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் தொடக்கக்கல்வி கட்டாயம். ஆனால் அந்தக் கட்டாயம் அன்று ஆறாம் ஆண்டோடு நின்றுவிட்டது. அதற்குமேல் பிள்ளையை அனுப்பாமல் வீட்டில் வைத்துக்கொண்டாலும் அந்த நாளில் சட்டம் வந்து கதவைத் தட்டியதில்லை.

மண்டபத்தில் நம்மவர்கள் வழக்கம்போல் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். தலைமையாசிரியை வரவேற்றுப் பேசிய பின், அடுத்த ஆண்டின் மாணவர் தலைவிகள் ஒவ்வொருவராக மேடையேறித் தம்மை அறிமுகம் செய்துகொண்டார்கள். பெயர், படிவம், குறிக்கோள், அவ்வளவுதான். ஆளுக்கு இரண்டு நிமிடம்.

முதலில் வந்த தலைமை மாணவி, பள்ளியின் கட்டொழுங்கை உயர்த்துவது தம் குறிக்கோள் என்றாள். அடுத்தவள் பள்ளியின் நற்பெயரை உயர்த்துவேன் என்றாள். மூன்றாமவள் ஆங்கிலத்தில் அழகாகப் பேசி, எல்லாருக்கும் முன்மாதிரியாகத் திகழ்வேன் என்று முடித்தாள். கைதட்டினோம். குறை சொல்லவில்லை, ஆனால் இவையெல்லாம் எந்தப் பள்ளியிலும் எந்த ஆண்டிலும் சொல்லத்தக்கவை. சொல்லிவிட்டு ஓராண்டு சும்மா இருந்தாலும் யாரும் கண்டுபிடிக்க முடியாது!

பிறகு ஒரு சீனப் பிள்ளை வந்தாள். கீழ் மாடிக் கழிவறைக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் போட வைப்பதே தன் குறிக்கோள் என்றாள். மண்டபமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. தாழ்ப்பாள் இல்லாத கழிவறையால் காலை முதல் மதியம் வரை தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண் பிள்ளைகளை நான் அறிவேன். இதுவல்லவோ குறிக்கோள் என்று எண்ணிக்கொண்டேன்.

ஏழாவதாக மேடையேறியவள் எங்கள் தோட்டத்துப் பிள்ளை. அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. செம்பனைக் குலை வெட்டுகிறவரின் மகள், என்னிடம் மூன்றாண்டு படித்தவள் என்பது போதும். தேசிய மொழியில் நிதானமாகப் பேசினாள். பெயரையும் வகுப்பையும் சொன்ன பின் அவள் கூறியதன் பொருள் இது: "நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து, புதுமுக வகுப்பில் ஓராண்டு இருந்து மேலே வந்தவள். தோட்டத்திலிருந்து வேனில் வரும் மாணவிகளின் பெயர் தாமதப் புத்தகத்தில் ஏறாமல் செய்வது என் குறிக்கோள்."

என் பக்கத்திலிருந்த தாயின் காதில் இதைத் தமிழில் சொன்னேன். "புதுமுக வகுப்புன்னு மேடையிலேயே சொல்லிட்டாளா?" என்று திரும்பக் கேட்டார். ஆமாம் என்றேன். அந்தத் தாய் நிமிர்ந்து உட்கார்ந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

தாமதப் புத்தகம் பற்றி ஒரு வார்த்தை. நம் வேன் விடியுமுன் கிளம்பினாலும், செம்மண் பாதையில் பழ லோரிக்கு ஒதுங்கி, வழியில் இரண்டு பள்ளிகளில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, கடைசியாகத்தான் பெண்கள் பள்ளிக்கு வரும். மழை பெய்தால் மணி அடித்துவிடும். மூன்று முறை பெயர் ஏறினால் வீட்டுக்குக் கடிதம். கடிதத்தைப் பிள்ளை மறைக்கும். மறைத்த பிள்ளை பள்ளிக்குப் போகப் பயப்படும். பயந்த பிள்ளை காய்ச்சல் என்று படுக்கும். இப்படியே படுத்துப் படுத்து, பிறகு போகாமலே நின்றுவிட்ட பிள்ளைகள் உண்டு. கட்டொழுங்கு என்ற சொல்லை மேலேயிருந்து பார்க்கிறவர்களுக்கு இது தெரியாது. அந்த வேனில் உட்கார்ந்து வந்தவளுக்குத் தெரிந்தது.

நிற்க. இந்தப் பிள்ளையின் வீட்டிலும் அந்தச் சம்மதக் கடிதம் மூன்று நாள் சாமி படத்துக்குப் பின்னால் செருகிக் கிடந்ததுதான். தாய் வேண்டாம் என்றார். தந்தை தாயைக் கேள் என்றார். கடைசியில் பேசியவர் பாட்டி. "உலை நான் வைக்கிறேன். பிள்ளை போகட்டும்." பாட்டிக்குப் படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. தம்பி பிறந்ததும் இடுப்பில் தூக்கி வைத்துவிட்டார்கள்.

நம் தோட்டங்களில் பள்ளிக்கூடமே இல்லாமல் இருந்ததா என்றால் இல்லை. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமே சொல்லியது. கொட்டகையும் வாத்தியாரும் கிடைத்தன. ஆனால் அந்தக் கொட்டகைக்குள் பெண் பிள்ளை எத்தனை நாள் உட்கார்ந்திருப்பாள் என்பதை, அடுத்துப் பிறக்கும் தம்பி தங்கைதான் தீர்மானித்தார்கள்.

பெண்கள் பள்ளி என்பதே வேற்றாருக்கு உரியது, நமக்கு ஒட்டாது என்று நினைப்போருக்கு ஒரு செய்தி. சிங்கப்பூரில் இன்று புகழோடு விளங்கும் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி, 1887 ஆகஸ்டு 15இல் ஷார்ட் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டில் தொடங்கியது. தொடங்கியவர் சோஃபியா பிளாக்மோர் என்னும் ஆஸ்திரேலிய மாது. அன்று வந்து உட்கார்ந்தவர்கள் ஒன்பது தமிழ்ப் பெண் பிள்ளைகள். பள்ளிக்கு அன்றைய பெயரே தமிழ்ப் பெண்கள் பள்ளி!

பெண் பிள்ளை முன்னால் நின்று பேசுவதும் நமக்குப் புதிதல்ல. 1943இல் நேதாஜி அமைத்த ஜான்சி ராணிப் படையில் மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து போய்ச் சேர்ந்த தமிழ்ப் பெண்கள் பலர். அந்தப் படையில் இருந்த ஜானகி ஆதி நாகப்பன் பின்னாளில் நம் நாட்டு மேலவை உறுப்பினரானார். அதே படையில் பதின்ம வயதில் சேர்ந்த ராசம்மா பூபாலன், பிறகு கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியையாக இருந்தவர். ஆசிரியைகளுக்கு ஆண்களோடு சம சம்பளம் வேண்டும் என்று போராட 1960இல் பெண் ஆசிரியர்களுக்கென்றே சங்கம் கண்டவர். இன்று நானும் என் பக்கத்து வகுப்பு ஆசிரியரும் ஒரே அளவில் சம்பளம் வாங்குகிறோம் என்றால் அதற்குப் பின்னால் அந்த அம்மையாரின் உழைப்பும் இருக்கிறது. சம்பள நாளில் சில வேளை நினைத்துக்கொள்வேன்.

இன்னொன்றும் உங்கள் காதில் போட்டு வைக்கிறேன். பெற்றோர் பலருக்கு இது தெரிவதில்லை. அரசாங்கப் பல்கலைக்கழகத்திற்கு விண்ணப்பிக்கும்போது நூற்றுக்குத் தொண்ணூறு புள்ளிதான் பரீட்சைக்கு. மீதிப் பத்துப் புள்ளி புறப்பாட நடவடிக்கைக்கு. பள்ளியில் வகித்த பொறுப்புகளும் அந்தக் கணக்கில் சேரும். பிள்ளை நன்றாகப் படித்தும் இடம் கிடைக்கவில்லையே என்று பிறகு வருந்துகிறவர்கள், முன்பு எந்தெந்தக் கடிதத்தை சாமி படத்துக்குப் பின்னால் செருகினோம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. புள்ளிக்காக மட்டும் பொறுப்பு ஏற்கச் சொல்லவில்லை. ஆனால் பட்டணத்துப் பெற்றோர் இதை நன்றாக அறிந்து வைத்திருக்கிறார்கள். நாமும் அறிந்திருப்பது நல்லதல்லவா?

இனி அந்தப் பிள்ளையின் குறிக்கோள் என்னவாயிற்று என்று சொல்கிறேன்.

பதிவு நாளன்று திரும்பி வரும்போது, "சும்மா பார்க்க" வந்த தாய் வேன் ஓட்டுநரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "மாசம் எவ்வளவு வாங்குறீங்க அண்ணே?" அவர் மகள் ஜனவரியில் புதுமுக வகுப்பில் சேர்ந்தாள்.

2019 பிப்ரவரியில் நம் மாணவர் தலைவி, தந்தையையும் இரண்டு தாய்மார்களையும் அழைத்துக்கொண்டு ஓட்டுநர் வீட்டுக்குப் போனாள். தாமதப் புத்தகத்திலிருந்து வேன் பிள்ளைகளின் பெயர்களையும் தேதிகளையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போயிருந்தாள். அவர் தாளைப் பார்த்துவிட்டு, "பத்து நிமிசம் முன்னாடி எடுக்கிறேன். ஆனா எந்த வீட்டு வாசல்லயும் ஹாரன் அடிச்சுக்கிட்டு நிக்க மாட்டேன்" என்றார். பள்ளிக் கட்டொழுங்கு ஆசிரியையிடமும் அவள் பேசினாள். கனத்த மழையிலோ பாதையில் லோரி சிக்கியோ வேன் தாமதமானால், ஓட்டுநர் கையெழுத்திட்ட துண்டுக் கடிதம் கொண்டு வந்தால் போதும் என்று முடிவாயிற்று. ஓட்டுநருக்கு மலாயில் எழுத வராது. அந்தக் கடிதத்தின் வாசகத்தை அவளே எழுதிப் பல பிரதிகள் எடுத்துக் கொடுத்தாள்.

பத்து நிமிடத்துக்குத் தோட்டத்தில் எழுந்த சலசலப்பை எழுதினால் இந்தப் பக்கம் போதாது. நாலு மணிக்கே எழுந்து பெரட்டுக்குப் போகிறவர்களுக்குப் பத்து நிமிடம் என்ன பெரிய காரியம் என்று நீங்கள் கேட்கலாம். நாலு மணிக்கு எழுகிறவர்களுக்குத்தான் பத்து நிமிடம் பெரிய காரியம். இருந்தும் பழகிக்கொண்டார்கள். தாமதப் புத்தகத்தில் எங்கள் பிள்ளைகள் பெயர் குறைந்தது.

குறைந்ததே தவிர நிற்கவில்லை. மார்ச்சில் ஒரு நாள், ஒரு பெண் தூங்கிப்போய் வேனை விட்டுவிட்டாள். தகப்பன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து இறக்கியபோது மணி எட்டாகப் போகிறது. வாசலில் நின்றவள் நம் மாணவர் தலைவி. வந்தவள் அவளுடைய சொந்தச் சித்தப்பா மகள். "அக்கா" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போகப் பார்த்தாளாம். இவள் புத்தகத்தைத் திறந்து பெயரை எழுதிவிட்டாள்.

அன்று மாலை சித்தி என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "சொந்தத் தங்கச்சி பேரையே எழுதியிருக்கா டீச்சர்! இதுக்குத்தான் கையெழுத்துப் போடுங்க, போடுங்கன்னு சொன்னீங்களா?"

"இதுக்கும்தான் அக்கா" என்றேன். உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தேன். குடிக்காமல் போய்விட்டார்.

பிள்ளைகள் இருவரும் மறுநாள் வேனில் பேசிக்கொள்ளவில்லை. அடுத்த வாரம் ஒரே டப்பாவில் சாப்பிட்டதாகக் கேள்விப்பட்டேன். சித்தியின் கோபந்தான் நீண்டது. அந்த ஆண்டுத் தீபாவளிக்கு முறுக்குத் தட்டு வந்துவிட்டது என்று பாட்டி எனக்குச் சொல்லி அனுப்பினார்.