இடுப்பில் ஒரு குமிழ்

ஐயப்பன்தாங்கல் பேருந்துப் பணிமனைக்கு அருகே நாங்கள் மூவர் ஒரே வீட்டில் குடியிருந்தோம். 2018ஆம் ஆண்டு. கீழ்வீட்டுக்காரர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஃபிட்டர். ஐம்பதைக் கடந்தவர், எங்களுக்கு அண்ணன். மென்பொருள் எழுதிப் பிழைக்கும் எங்களிடம் அப்போது ஒரு வேலை வந்திருந்தது: எந்திரப் பராமரிப்பாளர்கள் அணிந்துகொள்ளும் கண்ணாடிக் கணினி. பார்க்கவேண்டிய சோதனைகள் ஒவ்வொன்றாக ஒரு கண்ணுக்கு எதிரே தோன்றும். 'நெக்ஸ்ட்' என்றால் அடுத்தது வரும். குளிரூட்டிய அறையில் அது அற்புதமாகவே இயங்கியது.

அண்ணனுக்குத் தெரிந்த பட்டறையில் ஒரு ஞாயிறன்று அதை அவருக்கே மாட்டிப் பார்த்தோம். அரைமணி நேரம்கூடத் தாங்கவில்லை. அவருக்கு வெள்ளெழுத்து, ஏற்கெனவே மூக்கின்மேல் ஒரு கண்ணாடி இருந்தது. அதை நாங்கள் எண்ணிப் பார்த்திருக்கவே இல்லை. கம்ப்ரஸர் இரைச்சலில் குரல் எடுபடவில்லை. இரைச்சல் நின்றபோது அவர் சொன்ன 'நெக்ஸ்டு' எங்கள் கருவிக்குப் புரியவில்லை. எந்திரத்தின் அடியில் குனிந்தால் வியர்வையில் சட்டம் வழுக்கியது.

"ஒரு கண்ணு அங்கயே போயிடுது தம்பி. ஸ்பேனர் வழுக்கினா விரல் போயிடும்."

பிறகு தம் வழியில் வேலையைத் தொடர்ந்தார். இறுக்கிய ஒவ்வொரு நட்டின்மீதும் சாக்பீஸால் ஒரு கோடு. அடுத்த ஷிஃப்ட்காரருக்கு அந்தக் கோடே போதும். தாளில் எழுதுவதெல்லாம் வேலை முடிந்த பின்னர், கோடுகளைப் பார்த்து. கணினியைத் தலையில் ஏற்ற நாங்கள் பாடுபட்ட வேளையில், அவர் குறிப்பேட்டை எந்திரத்தின்மேலேயே வைத்திருந்தார்.

அதன்பிறகே பழைய கட்டுரைகளைத் தேடிப் படித்தோம். முதலில் படித்திருக்க வேண்டியவை. அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் டேனியல் சீவியோரெக், ஆசிம் ஸ்மைலாகிச் குழுவினர் 1990களின் நடுவில் 'வூமேன் 3' என்றொரு அணிகணினியைச் செய்தார்கள். நீரிலும் நிலத்திலும் செல்லும் இராணுவ ஊர்திகளைச் சோதிப்போருக்கானது. ஏறத்தாழ 50 பக்கங்களில் 600 சோதனைகள் கொண்ட பட்டியலுக்கு அது மாற்றாக வந்தது. அவர்களும் கண்ணெதிரே சிறுதிரை வைத்தவர்கள்தாம். ஆயினும் கட்டளையிட அவர்கள் குரலை நம்பவில்லை. இடுப்பில் ஒரு பெரிய வட்டக் குமிழ். எந்தக் கையாலும், பாராமலே திருப்பலாம். உழைப்பவனின் கையை உற்றுப் பார்த்தவர்களுக்கே அப்படி ஒரு குமிழ் தோன்றும். கூகுள் தன் கண்ணாடி விற்பனையை 2023இல் நிறுத்திய செய்தி வந்தபோது எங்களுக்குப் பெரிய வியப்பு எழவில்லை.

கண்ணாடியைக் கைவிட்டு, பெல்ட்டில் மாட்டும் சிறு பெட்டி ஒன்றைச் செய்தோம். பெரிய எழுத்தில் திரை, ஒரே ஒரு குமிழ். இம்முறை செய்யுமுன் பத்து நாள் அண்ணனிடம் கேட்டுக் கேட்டே செய்தோம். எண்ணெய்க் கையோடு திருப்பிப் பார்த்தவர் முகம் மலர்ந்தது. "இது பரவாயில்லப்பா." அன்றைக்கு எங்களுக்கு இருந்த பெருமிதத்தைச் சொல்ல இன்று கூச்சமாக இருக்கிறது.

ஏனெனில் பெட்டியை இன்னொருமுறை திருப்பிவிட்டு அவர் கேட்டார்:

"எதுக்கு எவ்ளோ நேரம் ஆச்சுன்னு இதுல ஏறுமா தம்பி?"

ஏறும். வேலை கொடுத்தவர்கள் முதலில் கேட்டதே அதைத்தான். பத்து நாளில் எத்தனையோ பேசியவர்கள் அதை மட்டும் அவரிடம் சொல்லாமல் இருந்துவிட்டோம். ஆமாம் என்றோம். அவர் கோபிக்கவில்லை. பெட்டியைக் கழற்றி, பனியன் வேஸ்ட்டால் எண்ணெய்க்கறை போகத் துடைத்து எங்கள் கையில் கொடுத்துவிட்டு, சாக்பீஸைத் தேடினார்.