ஜோசியமும் கூட்டற்கணக்கும்

தேர்தற்காலம் நெருங்கிவிட்டால் நம்மவருள் ஜோசியர் அல்லாதார் மிக அரியர். காலை வேளையில் தாம்பரத்திலிருந்து கடற்கரை நோக்கிச் செல்லும் மின்சார ரயிலில் ஏறி அமர்வோர்க்கு இவ்வுண்மை நன்கு விளங்கும். சானடோரியம் நிலையத்தில் ஏறும் ஒருவர், இன்னார்க்கே வெற்றி என்று அறுதியிட்டுக் கூறுவார். குரோம்பேட்டையில் ஏறுபவர் அதனை மறுப்பார். பல்லாவரம் தாண்டுமுன் இருவர் குரலும் உயரும். பரங்கிமலையில் வண்டி நிற்கையில், அதுகாறும் செய்தித்தாளுக்குள் முகம் புதைத்திருந்த மூன்றாமவர் இருவர் கூற்றையும் ஒருங்கே தள்ளிவிட்டு, விடைக்குக் காத்திராமல் இறங்கிப் போய்விடுவார். இவருள் எவரும் ஓர் எண்ணையேனும் எடுத்துரைக்க நாம் கேட்டதில்லை. தாம் விரும்புவதே நிகழும் என்பதுவே இவர்தம் சாத்திரம்.

இதனை அவர்தம் குறை என்று மட்டும் கூறிவிட இயலாது. மக்கள் யாவரும் கூடி வாக்களிக்குந் தேர்தல்களில் முடிவை முன்னறிதல் வல்லுநர்க்கும் அரிதே. 1936இல் அமெரிக்க நாட்டின் லிட்டரரி டைஜஸ்ட் என்னும் வாரப் பத்திரிகை, இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோரிடமிருந்து அஞ்சல் வழியே கருத்துப் பெற்று, லாண்டன் என்பவரே அந்நாட்டின் தலைவராவார் எனப் பறைசாற்றிற்று. வென்றவர் ரூஸ்வெல்ட்; லாண்டனுக்கு வாய்த்தவை நாற்பத்தெட்டு மாநிலங்களுள் இரண்டே. பத்திரிகையார் வினவியது பெரும்பாலும் தொலைபேசியும் மோட்டாரும் உடையவர்களையே. அவை இல்லாதார்க்கும் வாக்கு உண்டு என்பது அவர்கள் நினைவுக்கு வரவில்லை போலும். 1948இல் ட்ரூமன் தோற்றார் எனத் தலைப்பிட்டுச் சிகாகோ ட்ரிப்யூன் அச்சேறிவிட்டதும், வெற்றி பெற்ற ட்ரூமன் அத்தாளையே உயர்த்திப் பிடித்து நகைத்ததும் உலகறிந்த செய்தி. அவ்வளவு தூரம் போவானேன்? நம் விடுதிகளில் மாணவர் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்குங் காலத்து, இரவு உணவின்போது மலைபோல் நின்ற உறுதிகள் காலைச் சிற்றுண்டிக்குள் கரைந்துபோவதை ஆண்டுதோறும் காண்கின்றோமன்றோ?

நிற்க. நம் நாட்டுக் குடியரசுத் தலைவர் தேர்தல் இத்தகையதன்று. அதில் வாக்களிப்போர் ஐயாயிரவர்க்கும் குறைவு. பார்லிமெண்டின் இரு சபைகளுக்கும், மாநிலச் சட்டசபைகளுக்கும் தேர்ந்தெடுக்கப் பெற்ற அங்கத்தினர் மட்டுமே அவ்வுரிமை உடையர். நியமனம் பெற்றோர்க்கு இல்லை. ஒவ்வொருவரும் எக்கட்சியினர் என்பது ஊரறிந்தது. ஆகவே இங்கு ஜோசியத்துக்கு இடமில்லை. கூட்டற்கணக்கு ஒன்றே போதும் என்று தோன்றும்.

கூட்டலினும் ஒரு சிறு நுட்பம் உண்டு. சட்டசபை அங்கத்தினர் எல்லாருடைய வாக்கும் ஒரே நிறை உடையதன்று. மாநிலத்தின் மக்கள் தொகையைச் சட்டசபை அங்கத்தினர் எண்ணிக்கையால் வகுத்து, வந்ததை மீண்டும் ஆயிரத்தால் வகுத்தால் கிடைப்பதே ஒருவரது வாக்கின் மதிப்பு. மக்கள் தொகையென ஈண்டுக் கொள்ளப்படுவது 1971ஆம் ஆண்டின் தொகை. அவ்வாண்டு தமிழ்நாட்டில் ஏறக்குறைய 4 கோடியே 12 லட்சம் மக்கள். சட்டசபையில் 234 இடங்கள். ஆதலின் நம் அங்கத்தினர் ஒருவரது வாக்கு 176. உத்தரப் பிரதேசத்தவர்க்கு 208. சிக்கிமில் உள்ளார்க்கு 7. மாநிலங்கள் அனைத்தின் மதிப்பையும் கூட்டிப் பார்லிமெண்டு அங்கத்தினர் தொகையால் வகுக்க, அவர் ஒவ்வொருவரது வாக்கின் மதிப்பு வரும். 1997 முதல் 708ஆக இருந்த அது, ஜம்மு காஷ்மீரத்தில் சட்டசபை இல்லாத காரணத்தால் 2022இல் 700 ஆயிற்று.

அவ்வாண்டு ஜூலை 18ஆம் நாள் வாக்குப்பதிவு. அதற்குச் சில நாள் முன்னர், விடுதி நண்பர் ஐவர் கூடி, யார் வெல்வார், ஏன் வெல்வார் என்பதனை விருப்பு வெறுப்பின்றிக் கணக்கிட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதுவதென்று துணிந்தோம். கணக்குத் தவறியவர் ஏனையோர்க்குத் தேநீரும் வடையும் வாங்கித் தரவேண்டும். பந்தயம் கட்டுதல் விடுதி விதிகளுக்கு மாறாகையால் இதற்கு ‘உடன்படிக்கை’ என்று பெயரிட்டோம். தொகை மொத்தம் 10,86,431. ஆளுங்கூட்டணிக்குச் சரிபாதிக்குச் சற்றே குறைவு. அக்குறையை யார் நிரப்புவர் என்பதுவே கேள்வி. அபேட்சகராக நிறுத்தப்பட்ட திரௌபதி முர்மு அம்மையார் ஒடிசா மாநிலத்தவர், சந்தால் பழங்குடியினர், ஜார்க்கண்டில் கவர்னராயிருந்தவர். இம்மூன்றையும் எழுதி முடிக்குமுன்னரே விடை வந்துவிட்டது. ஒடிசாவின் பிஜு ஜனதா தளம் தம் மண்ணின் மகளை மறுத்தல் இயலாது. எதிரணியிலிருந்த ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சாவும் தம் இனத்தாரை எதிர்த்து வாக்களித்துவிட்டு ஊர் திரும்புதல் இயலாது. அவ்விரு கட்சியும் அவரையே ஆதரித்தன, ஆந்திரத்து ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸும் உடன் சேர்ந்தது. முர்மு 6,76,803, யஷ்வந்த் சின்ஹா 3,80,177. ஆளுங்கட்சி அபேட்சகரைத் தேர்ந்த பொழுதே எதிரணியின் கதவுகளுள் எவை திறக்கும் என்பதனையும் தேர்ந்துவிட்டது. இத்தேர்தலில் ‘ஏன்’ என்பது பெரும்பாலும் அபேட்சகரின் பெயர் வெளியாகும் நாளிலேயே முடிந்துவிடுகின்றது.

நம் கலாசாலைக்கும் இத்தேர்தலுக்கும் ஓர் உறவு உண்டு. 1908இல், கலாசாலை தாம்பரத்துக்கு வருமுன்னர் எஸ்பிளனேடில் இருந்த காலத்தில், தத்துவத்தில் எம்.ஏ. பட்டம் பெற்று வெளியேறிய திருத்தணி இளைஞர் ராதாகிருஷ்ணன், 1962இல் 5,53,067 வாக்குப் பெற்றுக் குடியரசுத் தலைவரானார். எதிர்த்து நின்ற இருவரும் சேர்ந்து பதினாயிரமும் பெறவில்லை. பத்தாண்டு உபதலைவராயிருந்தவரை ஆளுங்கட்சி நிறுத்தியபின் முடிவுகூற ஜோசியர் வேண்டியிருந்திராது.

மற்றொருவர் கதை வேறு. இங்கே பௌதிகம் பயின்று, சிறிது காலம் இங்கேயே கற்பிக்கவுஞ் செய்த டி. என். சேஷன், 1990 முதல் 1996 வரை தலைமைத் தேர்தல் கமிஷனராய் அமர்ந்து கட்சிகள் யாவற்றையும் நடுங்கச் செய்தார். 1997இல் அவர் குடியரசுத் தலைவர் பதவிக்கு நின்றபொழுது தெருவில் அவர் பெயர் அறியாதார் இல்லை, எதிர்நின்ற கே. ஆர். நாராயணன் பெயரை அறியாதார் பலர் இருந்திருப்பர். முடிவோ, நாராயணனுக்கு 9,56,290, சேஷனுக்கு 50,631. தெருவுக்கு இத்தேர்தலில் வாக்கில்லை. அன்றியும், வாக்குடையவர்கள் எல்லாரும் அவர் யாரை அதட்டினாரோ அவர்களே!

2002இன் தேர்தலை நம் தென்புறநகரத்தார் இன்றும் தம் வீட்டு விசேஷமாகவே பேசுவர். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் 1954 முதல் 1957 வரை விமானத்துறை பயின்ற அப்துல் கலாம், அவ்வாண்டு ஜூன் மாதம் கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்தில் இருந்தபொழுதுதான் பிரதமர் வாஜ்பாயியின் தொலைபேசி அழைப்பு வந்தது. அவரை எதிர்த்து இடதுசாரிகள் நிறுத்திய காப்டன் லட்சுமி சேகல் அம்மையாரும் சென்னையிற் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்றவரே. காங்கிரஸும் கலாமை ஏற்றபின் கணக்குப் போட ஒன்றுமில்லை: 9,22,884க்கு 1,07,366.

இங்ஙனம் எளிதாய் முடியும் வரிசையில் ஒன்றே ஒன்று அடங்காது நிற்கின்றது. அது 1969.

அவ்வாண்டு மே 3ஆம் நாள் ஜாகிர் உசேன் பதவியிலிருக்கும்போதே காலமானார். ஜூலையில் பங்களூரிற் கூடிய காங்கிரஸ் பார்லிமெண்டரி போர்டு, பிரதமர் இந்திரா காந்தியின் கருத்துக்கு மாறாக, சஞ்சீவ ரெட்டியைத் தேர்ந்தது. அடையாற்றுத் தியசாபிகல் பள்ளியில் இளமையிற் பயின்றவர் அவர். ஆதலின் அவரும் நமக்கு அயலாரல்லர். காமராசரும் அவர் பக்கமே. ஜூலை 19இல் பதினான்கு பாங்குகள் தேசிய உடைமையாயின. மறுநாள், அவ்வவசரச் சட்டத்துக்குக் கையெழுத்திட்ட வி. வி. கிரி பதவி துறந்து சுயேச்சையாய் நின்றார். மனச்சான்றின்படி வாக்களியுங்கள் என்றார் பிரதமர். வாக்கு ரகசியமானது; கொறடா ஆணை இதற்குச் செல்லாது. ஆகஸ்டு 16இல் வாக்குப்பதிவு, 20இல் எண்ணிக்கை.

சேலையூரில் நமக்கு அண்டை வீட்டினரான ரயில்வே ஓய்வூதியர் ஒருவர் அந்நாளை நேற்று நடந்ததுபோற் கூறுவார். அக்காலத்து அவர் காமராசர் பக்தர். காகிதத்திற் கூட்டிப்பார்த்து ரெட்டிக்கே வெற்றி என அலுவலகம் முழுதும் கூறிவைத்தவர். “எங்கே ஐயா பிசகிற்று?” என்று வினவினோம். “தம்பி, காங்கிரஸில் எத்தனை பேர் என்று எண்ணினேன், காங்கிரஸ் எத்தனை என்று எண்ணாமற் போனேன்” என்றார். இத்தேர்தலைப் பற்றி நாம் படித்த எந்நூலினும் இவ்விடையே நமக்கு நிறைவளித்தது.

முதல் எண்ணிக்கையில் கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, மூன்றாமவராகிய தேஷ்முக்குக்கு 1,12,769. வெல்வதற்கு வேண்டியது 4,18,169. ஒருவரும் அதனை எட்டாமையால், கீழுள்ளோரை ஒவ்வொருவராய் நீக்கி, அவர்தம் சீட்டுகளில் இரண்டாவதாகக் குறிக்கப்பெற்ற பெயரை எண்ணினர். இந்நாட்டில் அவ்வாறு எண்ணும்படி நேர்ந்தது அவ்வொரு முறையே. இறுதியில் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. வேறுபாடு 14,650. (இலங்கையில் 2024இல் அநுர குமார திசாநாயக்க வென்ற தேர்தலிலும், அந்நாட்டு வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம் விருப்பத்தை எண்ணவேண்டி வந்தமை இதனோடு ஒப்புநோக்கத் தக்கது.)

இந்த 14,650ஐ நம் குறிப்பேட்டில் நெடுநேரம் நோக்கியிருந்தோம். அன்று தமிழ்நாட்டை ஆண்ட தி.மு.க. கிரியை ஆதரித்தது. 1967இல் அக்கட்சி சட்டசபையில் வென்ற இடங்கள் 137. அப்பொழுது வழக்கிலிருந்த 1961ஆம் ஆண்டுத் தொகைப்படி ஒரு வாக்கின் மதிப்பு 144. பெருக்கினால் ஏறக்குறைய 19,700. பார்லிமெண்டில் அமர்ந்திருந்தோரைச் சேர்க்காமலே, கிரியின் வெற்றி வேறுபாட்டினும் இது பெரிது. டில்லியில் யார் தலைவராவது என்பதனைத் தென்கோடியிலிருந்த ஒரு சட்டசபை தீர்மானிக்கக் கூடியதாயிற்று எனில் மிகையன்று.

இவ்விடத்திற்றான் நம் ஐவர் கூட்டத்தில் விளையாட்டு நீங்கி வாதம் பிறந்தது. 1971ஆம் ஆண்டுத் தொகையையே இன்னும் கொண்டிருப்பது எதனால்? குடும்பநலத் திட்டத்தை ஏற்றுப் பிறப்பைக் குறைத்த மாநிலங்கள் அதனாலேயே குரல் இழத்தலாகாது என்று 1976இல் அரசியற்சட்டத்தைத் திருத்தி அத்தொகையை நிறுத்திவைத்தனர். பின்னர் வந்த 84ஆவது திருத்தம், 2026க்குப் பின் எடுக்கப்பெறும் முதற் குடிக்கணக்கின் எண்கள் வெளிவரும் வரை அதனை நீட்டித்தது. 1971இன்படி பீகார் அங்கத்தினரது வாக்கு 173, நம்முடையது 176. சட்டசபை இடங்கள் மாறா எனக் கொண்டு 2011இன் தொகையால் வகுத்துப் பார்த்தோம். நமக்கு 308, பீகாருக்கு 428, உத்தரப் பிரதேசத்துக்கு 496. பீகாரினும் மூன்று மிகுந்திருந்த நாம் நூற்றிருபது குறைந்து நிற்போம்.

ஐவருள் ஒருவர் பாட்னாவிலிருந்து வந்தவர். அவர் மெல்ல, “எங்கள் ஊரில் 1971க்குப் பின் பிறந்தோர் மனிதர் அல்லரோ?” என்றார். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. அவர் வினா நேர்மையானது. மக்களை எண்ணிச் செய்யும் தேர்தலில் ஐம்பதாண்டு மக்களை எண்ணாது விடுதல் முறையெனச் சாதித்தல் கடினம். எனினும் அரசு விரும்பிய ஒன்றைச் செய்து முடித்தவர்க்கு அச்செயலே தண்டனையாதல் அதனினும் முறைகேடு என்பதுவே நம் துணிபு. அவரிடமும் அதனைக் கூறினோம். கூறியது தமிழர் என்னும் சார்பினாலோ எனின், ஆம், அச்சார்பும் உண்டு. கேரளத்தவர்க்கும் இதே வழக்கு உண்டு என்பதனால் அது முழுதும் சார்பன்று. வேறொன்றும் அந்நண்பரே கூறினார். தாம்பரத்தைச் சுற்றி எழும் அடுக்குமாடிகளிற் கல் சுமப்போர் பலர் அவர் மாநிலத்தவர். குடிக்கணக்கு எடுப்போர் அவர்களுள் பலரை இங்கே எண்ணுவர். அவ்வகையில் 176ஐ உயர்த்துவோருள் அவர்களும் அடங்குவர். வாக்குச்சீட்டோ பெரும்பாலோர்க்கு ஊரில் இருக்கின்றது.

அன்றைய உடன்படிக்கையின்படி தேநீர் வாங்கித் தந்தவர் பாட்னா நண்பரே. தோற்றதனாலன்று, கணக்கு ஐவர்க்கும் சரியாகவே இருந்தது, எவரேனும் ஒருவர் வாங்கியாக வேண்டியிருந்தது.

2022இல் தொடங்கிய பதவிக்காலம் 2027 ஜூலையில் முடிவுறுகின்றது. 2027 மார்ச் முதல் நாளைக் குறிநாளாகக் கொண்டு குடிக்கணக்கு எடுக்கப்படும் என 2025இல் அரசு அறிவித்தது. குறிப்பேட்டில் அத்தேர்தலுக்கென ஒரு பக்கம் கோடிட்டு வைத்துள்ளோம். அபேட்சகர் பெயர் எழுதும் இடம் வெறுமையாயுள்ளது. ஏனைய மாநிலங்களின் மதிப்பையெல்லாம் மையினால் எழுதியவர் பாட்னா நண்பர். தமிழ்நாட்டுக்கு நேரே உள்ள 176ஐயும், பீகாருக்கு நேரே உள்ள 173ஐயும் மட்டும் அவர் பென்சிலால் எழுதியிருக்கின்றார்.